முதுமையும் மார்புப் புற்றுநோயும்: புத்தூரை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் அரச மரபுகளையும் நில உடைமையையும் கோயில்களையும் கல்விக்கூடங்களையும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். அம்மண்ணில் வாழ்ந்த மாந்தர் எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தனர் என்ற எளிய வினா அவ்வாராய்ச்சிகளிற் பெரிதும் இடம்பெறவில்லை. ஆயினும் சென்ற நூற்றாண்டில் இலங்கை மக்களின் வாழ்வில் நிகழ்ந்த மாற்றங்களுள் ஆயுள் நீட்சியைப் போல ஆழமானது வேறொன்று உண்டோ என்பது ஐயத்துக்குரியது. 1920–22 காலப்பகுதியில் இலங்கையிற் பிறந்த ஆண் குழந்தை சராசரியாக 32.7 ஆண்டுகளும் பெண் குழந்தை 30.7 ஆண்டுகளும் வாழுமென எதிர்பார்க்கப்பட்டது. 1981 இல் இவ்வெண்கள் முறையே 67.7, 72.1 என உயர்ந்திருந்தன. இவை பிறப்பின்போது கணிக்கப்படும் எண்களாதலின், குழந்தை இறப்புகள் இவற்றைக் கீழே இழுத்துவிடும். முப்பது வயதோடு எல்லோரும் மாண்டனர் என்று கொள்ளலாகாது. பாட்டனும் பாட்டியும் அன்றும் இருந்தனர். ஆனாற் சிலரே இருந்தனர்.

இவ்வெண்களில் ஊன்றி நோக்கத்தக்க செய்தி வேறொன்று உண்டு. 1920களிற் பெண்ணின் ஆயுள் ஆணின் ஆயுளிலும் இரண்டாண்டு குறைவு. 1981 இல் நான்காண்டுக்கு மேல் கூடுதல். 1946 இலும் ஆண் 43.9, பெண் 41.6 என்ற நிலையே இருந்தது. 1960களிலேதான் பெண் ஆணை முந்தினாள். உலகின் பெரும்பாலான நாடுகளிற் பெண்களே நீண்டு வாழ்கின்றனர் என்பதைக் கருதினால், இலங்கைப் பெண்களை அக்காலத்தில் இளமையிலே கொண்டு சென்றது யாது என்ற வினா எழும். விடை பெருமளவிற் பிள்ளைப்பேறேயாகும். 1946 இலும் ஆயிரம் பிறப்புகளுக்குப் பதினைந்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். 1950 இல் அது ஆறுக்குக் கீழ் இறங்கிவிட்டது. ஒரு பெண் ஐந்தாறு முறை பேறு கண்ட காலத்தில் ஒவ்வொரு முறையும் இவ்வாபத்தைக் கடந்தே அவள் நடுவயதை எட்ட வேண்டியிருந்தது.

இவ்விடத்திலேதான் புத்தூர் போன்ற ஊர்கள் வரலாற்றில் இடம்பெறுகின்றன. யாழ்ப்பாண நகரிலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் வீதியில், வலிகாமம் கிழக்கில், புகையிலையும் வெங்காயமும் மரக்கறியும் விளையும் தோட்டங்களுக்கு நடுவே அமைந்தது இவ்வூர். அயலிலுள்ள நிலாவரைக் கிணற்றினாற் பலரும் இதனை அறிவர். மெதடிஸ்த திருச்சபையினர் இங்கு நடத்திய வைத்தியசாலை அத்துணைப் புகழ் பெறவில்லையாயினும், இவ்வூர்ப் பெண்களின் ஆயுள் வரலாற்றில் நிலாவரையைவிட அதற்கே இடம் பெரிது. குடாநாட்டில் மேனாட்டு மருத்துவத்தைக் கொணர்ந்தோர் மிஷனரிமாரே. 1847 இல் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் வைத்தியசாலை நிறுவி, மாணவரைத் தமிழிற் பயிற்றி, மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அவற்றுள் முற்பட்டவற்றுளொன்று 1857 இல் வெளிவந்த ‘பிரசவ வைத்தியம்’ என்பது கவனிக்கத்தக்கது. 1898 இற் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமெனவே இணுவிலில் மக்லியொட் வைத்தியசாலை திறக்கப்பட்டது. பின்னர், 1926 இற் களுத்துறையில் முதன்முதல் அமைக்கப்பட்ட சுகாதாரப் பிரிவு முறை நாடெங்கும் பரவிய போது, பயிற்சி பெற்ற மருத்துவமாதர் கிராமங்களின் படலைகளுக்குள்ளும் நுழைந்தனர். இவ்வரலாற்றைச் சமயப் பரப்பலின் ஓரங்கமாக மட்டுமே நோக்குவோர் உளர். அந்நோக்கிலும் உண்மை உண்டு. ஆனால் அது முழு உண்மையன்று.

இவ்வாறு பேற்றறையிற் காப்பாற்றப்பட்ட பெண்கள் ஐம்பதையும் அறுபதையும் எழுபதையும் கண்டனர். அவ்வயதுகளுக்கே உரிய நோய்களையும் கண்டனர். 1981 இல் இலங்கை மக்களுள் அறுபது வயதைக் கடந்தோர் நூற்றுக்கு 6.6 பேர், 2012 இல் 12.4 பேர். இதே காலத்தில் இலங்கைப் பெண்களிடையே காணப்படும் புற்றுநோய்களுள் மார்புப் புற்றுநோய் முதலிடத்துக்கு வந்துவிட்டது. இவ்விரண்டும் தற்செயலாய் ஒருங்கே நிகழ்ந்தன அல்ல. மார்புப் புற்றுநோயின் பெருக்கத்தை உணவு, உரம், நாகரிகம் என்பவற்றின் மேல் மட்டும் ஏற்றிப் பேசுவது வழக்கமாகிவிட்டது. அதனினும் முன்னதான காரணம் பெண்கள் நீண்டு வாழத் தொடங்கியமையே. இந்நோய் ஒரு வெற்றியின் பின்விளைவு எனலாம்.

புற்று என்னும் பெயர் பற்றி ஒரு சொல். ‘புத்தூர்’ என்பதன் முதற்பகுதி புதுமையைக் குறித்ததோ புற்றைக் குறித்ததோ என்பது இடப்பெயர் ஆய்வாளர்க்குரிய வழக்கு. நோயின் பெயரில் அத்தகைய ஐயமில்லை. கிரேக்கர் இந்நோயை நண்டென அழைத்தனர். பக்கங்களிற் பரவும் அதன் கால்களே அவர்கள் கண்ணிற் பட்டன. தமிழர் புற்றென்றனர். புறத்தே தெரியும் மேட்டினும் நிலத்தின் அகத்தே நிகழும் நெடுநாள் வேலையே பெரிதென்பதை இப்பெயர் உணர்த்துகின்றது. இக்கால விஞ்ஞானம் இந்நோய் பற்றிக் கூறுவதற்கு நண்டினும் புற்றே அணுக்கமானது.

பண்டைய மருத்துவம் வயதை அறியாததன்று. வளி, அழல், ஐயம் என்னும் மூன்றின் சமநிலை கெடுவதே நோயென்ற சித்த மருத்துவம், மனித வாழ்நாளையும் மூன்று கூறாக்கி ஒவ்வொன்றிலும் ஒன்று மேலோங்குமெனக் கொண்டது. கிரேக்க மரபில் வந்த கலென் மார்புக் கட்டியைக் கரும்பித்தத்தின் தேக்கமென்றார். இரு மரபுகளும் நோயின் இடம் மார்பாயினும் காரணம் உடல் முழுதிலுமுள்ளது என்று கருதியமை குறிப்பிடத்தக்கது. சத்திர சிகிச்சை வளர்ந்த 19 ஆம் நூற்றாண்டில் இக்கருத்து கைவிடப்பட்டது. அமெரிக்க வைத்தியர் ஹால்ஸ்ரெட் மார்போடு அடியிலுள்ள தசையையும் அக்குளின் நிணநீர்க் கணுக்களையும் அகற்றும் கொடிய சத்திர சிகிச்சையை நிலைநாட்டினார். நோய் ஓரிடத்தது, அவ்விடத்தை வெட்டினால் நோயும் அற்றுவிடும் என்பது அதன் அடிப்படை. அடுத்து வந்த ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் உலகெங்கும் பெண்கள் அக்கருத்துக்குத் தம் உடலை விலையாகக் கொடுத்தனர்.

வேறொரு வழி ஆரவாரமின்றித் திறந்திருந்தது. தொழில்களால் வரும் நோய்களைப் பற்றி 1700 இல் நூலெழுதிய இத்தாலிய மருத்துவர் ரமற்சினி, கன்னியர் மடங்களில் இந்நோய் மிகுந்து காணப்படுவதைக் குறித்துச் சென்றார். காரணத்தை அவர் சரிவர விளக்கவில்லை. அவதானிப்பு மட்டும் நிலைத்தது. 1896 இல் கிளாஸ்கோ நகரச் சத்திர வைத்தியர் பீற்சன், முற்றிய மார்புப் புற்றுநோயுடைய பெண்களின் சூலகங்களை அகற்றியபோது கட்டி சுருங்கியதை வெளியிட்டார். கன்றீன்ற பசுவின் சூலகத்தை அகற்றிப் பால் வற்றாது நீடிக்கச் செய்யும் வழக்கம் சில நாடுகளின் உழவரிடையே இருந்ததை அவர் கேள்வியுற்றிருந்தார். மார்பும் சூலகமும் தம்முள் தொடர்புடையன என்ற எண்ணம் அவருக்கு அவ்வழியாகவே வந்தது. ஓமோன் என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை. 1926 இற் பிரித்தானியாவில் ஜனற் லேன்–கிளேபன் என்னும் பெண் மருத்துவர், நோயுற்ற 500 பெண்களையும் நோயற்ற 500 பெண்களையும் ஒப்பிட்டு, மணவயது, பிள்ளைகளின் தொகை, பாலூட்டல் ஆகியவை நோயோடு தொடர்புறுவதை நிறுவினார். நோய்ப்பரம்பலியலில் இன்று நாளாந்தம் கையாளப்படும் ஒப்பீட்டு முறைக்கே அவ்வாய்வு முன்னோடியாகும்.

கீழ்த்திசையில் இதற்குச் சான்று பகர்ந்தோர் பம்பாயின் பார்சிப் பெண்கள். அந்நகரிற் புற்றுநோய்ப் பதிவேடு 1963 இற் தொடங்கப்பட்டது. ஒரே நகரின் காற்றையும் நீரையும் நுகர்ந்த சமூகங்களுள் பார்சிகளிடையே மார்புப் புற்றுநோய் மிகுந்திருந்தமை அறியப்பட்டது. அவர்கள் கல்வியில் மேம்பட்டோர், காலந்தாழ்த்தி மணந்தோர், சில பிள்ளைகளையே பெற்றோர், நீண்டு வாழ்ந்தோர். யாழ்ப்பாணச் சமூகத்தை அறிந்தோர்க்கு இவ்விவரணை அந்நியமாகத் தோன்றாது. இலங்கைப் பெண்களின் சராசரி மணவயது 1953 இல் 20.9, 1981 இல் 24.4. கல்வி, உத்தியோகம், சீதனத்துக்கான காத்திருப்பு, பின்னர் போர் என ஒன்றன்பின் ஒன்றாக வந்த காரணங்கள் குடாநாட்டிற் பெண்களின் மணத்தைப் பின்தள்ளின. மணமாகாமலே முதுமை எய்திய பெண்களும் பலர். ரமற்சினி மடங்களிற் கண்டதை யாழ்ப்பாணத்து வீடுகளிலும் காணக் கூடிய சூழல் இவ்வாறு உருவாயிற்று.

1970 இல் மக்மாகனும் பிறரும் ஏழு நாடுகளின் பெண்களை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு இன்றும் ஆதாரமாகக் கொள்ளப்படுகின்றது. பதினெட்டு வயதுக்கு முன் முதற்பிள்ளை பெற்றவளுக்குள்ள ஆபத்து, முப்பத்தைந்துக்குப் பின் பெற்றவளின் ஆபத்தில் மூன்றிலொரு பங்களவே. பாலூட்டலின் பயனை அவர்கள் ஏற்கவில்லை. 2002 இல் முப்பது நாடுகளின் 47 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து நோக்கியபோதே, பாலூட்டும் ஒவ்வொரு பன்னிரண்டு மாதத்துக்கும் ஆபத்து 4.3 வீதமும், ஒவ்வொரு பேற்றுக்கும் 7 வீதமும் குறைவது தெளிவாயிற்று. இதிலிருந்து பெண்களைப் பதினெட்டில் மணமுடித்து வைக்க வேண்டுமென ஒருவர் முடிவுகட்டுவாராயின், இக்கட்டுரையின் தொடக்கத்திற் கூறப்பட்ட பேற்றறை மரணங்களை அவர் மறந்தவராவர்.

அப்படியாயின் வயது என்பது யாது? 1948 இல் டென்மார்க்கைச் சேர்ந்த கிளெமெசன் ஓர் அரிய செய்தியை வெளிப்படுத்தினார். மார்புப் புற்றுநோய் வயதோடு செங்குத்தாக ஏறிச் சென்று, ஐம்பதை அண்டியதும் சற்றே சரிவு மாறி மெல்ல ஏறுகின்றது. குடல், இரைப்பை முதலியவற்றின் புற்றுநோய்களில் இத்திருப்பம் இல்லை. மாதவிடாய் நிற்கும் வயதே ஐம்பது என்பது வெளிப்படை. 1983 இற் பைக் என்பாரும் உடன் ஆய்வாளரும் இதிலிருந்து, மார்பின் இழையத்துக்குத் தனியானதொரு வயது உண்டென வாதித்தனர். அவ்வயது பூப்போடு விரைந்து ஓடத் தொடங்கி, முதற்பேற்றின் பின் தளர்ந்து, மாதவிடாய் நின்றபின் மேலும் மெதுவாகும். பிறப்புச் சாட்சிப் பத்திரம் கூறும் வயதும் இழையத்தின் வயதும் ஒன்றல்ல. அறுபது வயதுடைய இரு பெண்களில் ஒருத்தியின் மார்பு மற்றவளின் மார்பைவிட மூத்ததாயிருக்கலாம்.

இக்கருத்து நெடுங்காலம் கணித வாய்பாடாகவே நின்றது. அதற்குக் கலத்தினுள்ளே உருவம் கொடுத்தது எப்பிஜெனெற்றிக்ஸ் எனப்படும் துறை. தமிழில் மேற்பிறப்புரிமையியல் எனலாம். இச்சொல்லை 1942 இல் வழங்கியவர் பிரித்தானிய உயிரியலாளர் வடிங்ரன். ஈரற் கலத்திலும் தோற் கலத்திலும் மார்புக் கலத்திலும் உள்ள பரம்பரையலகுகள் ஒன்றே. எனினும் ஒவ்வொரு கலமும் தனக்குரிய பகுதியை மட்டும் வாசிக்கின்றது. எதனை வாசிப்பது, எதனை மூடிவைப்பது என்பதைக் குறிக்கும் இரசாயன அடையாளங்கள் டீ.என்.ஏ. இழையின் மேலும், அது சுற்றப்பட்டுள்ள புரதங்களின் மேலும் இடப்பட்டுள்ளன. அவற்றுள் முதன்மையானது மெதைற் கூட்டம். 1975 இல் ஹொலிடே, பியூ ஆகிய இருவரும், அவர்களின் வேறாக றிக்ஸ் என்பவரும் இவ்வடையாளம் கலம் பிரியும்போது சேய்க் கலங்களுக்கும் கையளிக்கப்படலாமெனக் கூறினர். ஏடு ஒன்றே; ஆனால் ஓரத்திற் குறிக்கப்பட்ட அடையாளங்களுக்கேற்ப வாசிப்பு வேறுபடும். ஏட்டைப் பெயர்த்தெழுதுவோன் அவ்வடையாளங்களையும் சேர்த்தே பெயர்க்கின்றான்.

பெயர்த்தெழுதுவதிற் பிழைகள் சேர்வதை ஏட்டுச்சுவடிகளோடு பழகிய தமிழ் மாணவர்க்கு விளக்க வேண்டியதில்லை. வயது ஏற ஏற டீ.என்.ஏ. முழுவதிலும் இவ்வடையாளங்கள் மெல்ல அழிகின்றன. சில குறித்த இடங்களிலோ புதிதாய்ச் சேர்கின்றன. அழிந்த இடங்களில் அடங்கிக் கிடக்க வேண்டியவை விழித்துக்கொள்கின்றன. சேர்ந்த இடங்களிற் கலத்தின் பெருக்கத்தைத் தடுத்து நிறுத்த வேண்டிய பரம்பரையலகுகள் வாய் மூடிவிடுகின்றன. 1983 இல் பைன்பேர்க், வொகெல்ஸ்ரைன் இருவரும் புற்றுநோய்க் கலங்களில் மெதைற் குறைவைக் கண்டு வெளியிட்டனர். பைக்கின் கட்டுரை வெளிவந்ததும் அதே ஆண்டிலேயே. இரண்டும் ஒன்றையொன்று விளக்கக்கூடியன என்பது பின்னரே புலனாயிற்று. 2013 இல் அமெரிக்காவிற் பணியாற்றும் ஹோர்வத், டீ.என்.ஏ. யின் 353 இடங்களிலுள்ள மெதைற் குறிகளைக் கொண்டே ஓர் இழையத்தின் வயதைக் கணிக்க இயலுமெனக் காட்டினார். அவ்வளவுகோலின்படி நலமுள்ள பெண்ணின் மார்பு இழையம் அவளுடைய ஏனைய உறுப்புகளைவிட மூத்ததாய் நின்றது. மாதந்தோறும் வளர்ந்தும் தளர்ந்தும் வரும் உறுப்பு விரைவில் முதுமையடைவதில் வியப்பில்லை. முதியோரின் மார்பிற் பாற்சுரப்புக் கான்களின் உட்பக்கக் கலங்கள், வெளிப்பக்கக் கலங்களின் இயல்புகளையும் காட்டத் தொடங்குவதை லபார்ஜ் முதலியோரின் ஆய்வுகள் வெளிப்படுத்தியுள்ளன. தான் எத்தகைய கலம் என்பதை அக்கலமே மறக்கத் தொடங்குகின்றது எனலாம். மாதவிடாய் நின்றபின் சூலகம் ஓய்ந்தாலும் கொழுப்பு இழையம் ஈஸ்திரசனை ஆக்கிக்கொண்டேயிருத்தலும், முதுமையில் உடலின் நோயெதிர்ப்பு தளர்தலும் இதனோடு சேர்கின்றன. இவற்றுள் எதுவும் தனியே நின்று நோயை உண்டாக்குவதன்று. பரம்பரையலகின் எழுத்திலேயே நிகழும் விகாரங்களும் காலப்போக்கிற் சேர வேண்டும்.

புத்தூர் போன்ற ஊரொன்றுக்கு இவ்விளக்கம் எவ்வகையிற் பயன்படும் என்பதே இங்கு முக்கியம். மார்பிற் கட்டி கண்ட பெண் அதனைப் பிறர்க்கு உரையாது மறைத்தல் தமிழ்ச் சமூகத்தில் நெடுங்கால வழக்கம். நாணம் ஒரு காரணம். அதனினும் வலிய காரணம், நோய் குடும்ப இரத்தத்தில் உள்ளதென அறியப்பட்டால் மகளின் மணம் தடைப்படும் என்ற அச்சம். தாய் தன் உயிரைக் கொடுத்து மகளின் சம்பந்தத்தைக் காக்கின்றாள். 1990 இல் மேரி–கிளெயார் கிங் இருப்பிடம் காட்ட, 1994 இற் பிரித்தறியப்பட்ட பி.ஆர்.சீ.ஏ.1 என்னும் பரம்பரையலகின் விகாரம் தாய் வழியும் தந்தை வழியும் வருவதுதான். ஆயினும் அத்தகைய பரம்பரை விகாரங்களால் விளைவன நூற்றுக்கு ஐந்து முதற் பத்து வரையான நோய்களே. எஞ்சியவற்றுட் சிலவற்றில் அதே பரம்பரையலகு எழுத்துப் பிழையின்றி முழுமையாக இருந்தும், மெதைற் குறியால் அடைபட்டுக் கிடக்கின்றது. இவ்வடைப்பு பெரும்பாலும் அவள் வாழ்நாளில் அவ்விழையத்தில் நேர்ந்தது. அவள் வழியாக மகளுக்குச் செல்வதன்று. குடும்பத்தின் மேற் சுமத்தப்படும் பழியிற் பெரும்பகுதி ஆண்டுகளின் மேற் சுமத்தப்பட வேண்டியது.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இந்நோய் மேனாடுகளைவிட ஏறக்குறையப் பத்தாண்டு முன்னதாகவே, நாற்பதுகளின் பிற்பகுதியிலும் ஐம்பதுகளிலும் பலரைத் தாக்குகின்றதே. முதுமையைக் காரணமாகக் கூறுதல் எவ்வாறு பொருந்தும்? மக்கட்டொகையின் அமைப்பை நோக்கினால் இதன் பெரும்பகுதி விடுபடும். இளையோர் மிகுந்த சமூகத்தில் ஆபத்து முதியோர்க்கே அதிகமாயினும் நோயாளர் வரிசையில் நிற்போர் பெரும்பாலும் நடுவயதினராகவே இருப்பர். ஏனெனில் முதியோர் தொகையிற் சிலர். சமூகம் மூப்படையும்போது வரிசையின் வயதும் ஏறும். குடாநாட்டில் அது ஏறும் வேகம் தென்னிலங்கையினும் கூடுதலாயிருக்க இடமுண்டு. 1980களிலிருந்து இளையோர் கடல் கடந்து கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்றனர். பெற்றோர் வீட்டைக் காத்து எஞ்சினர். 1995 ஒக்ரோபரில் வலிகாமம் பெயர்ந்தபோது புத்தூராரும் பெயர்ந்தனர். திரும்பி வந்தோருள் முதியோர் பங்கு பெரிதாயிற்று.

சிகிச்சையின் வரலாறும் அப்போரோடு பின்னியது. சென்னையில், புற்றுநோய்க்குத் தன் தங்கையைப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954 இலேயே அடையாறு புற்றுநோய் நிலையம் திறக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தாரோ போர்க்காலத்திற் பல சிகிச்சைகளுக்கு மகரகமவையே நாட வேண்டியிருந்தது. கண்டி வீதி 2006 ஓகஸ்டில் மூடப்பட்டபின் அதுவும் அரிதாயிற்று. 2011 ஜூலையில் தெய்வேந்திர முனையிலிருந்து பருத்தித்துறை வரை நாட்டின் நெடுகிலும் நடந்து திரட்டிய நிதியால் தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்து, 2013 இல் இயங்கத் தொடங்கியது. புத்தூரிலிருந்து தெல்லிப்பழை எட்டாத தூரமன்று.

தூரம் குறைந்தபின் எஞ்சியிருப்பது நேரத்தில் அறிதல். 1996 இல் அரசு தொடங்கிய சுகவனிதையர் சிகிச்சை நிலையங்களில் மார்புப் பரிசோதனையும் கற்பிக்கப்படுகின்றது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை முதன்மையாகக் கொண்ட அத்திட்டம் முப்பத்தைந்து வயதினரை நோக்கியே அழைப்பு விடுத்தது. பின்னர் நாற்பத்தைந்து வயதினரும் சேர்க்கப்பட்டனர். கர்ப்பிணியைத் தேடிக் குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வருவார். அறுபத்தைந்து வயதுப் பெண்ணைத் தேடி அவ்வாறு வருவோர் இலர். ஒரு காலத்தில் மருத்துவமாது காத்த அதே பெண்ணின் முதுமை இன்று எவருடைய பதிவேட்டிலும் இல்லை. பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்க, வளவைக் கூட்டிக்கொண்டு தனித்து வாழும் அவள் குளிக்கும்போது கைக்குத் தட்டுப்படும் கட்டியை முதலில் யாரிடம் சொல்வது என்று அறியாதிருக்கின்றாள்.